விழுந்த நொடியின் நகல்

டேட்டாபேஸ் சர்வர் ஒன்று நள்ளிரவில் விழுகிறது. சில நொடிகளில் கண்காணிப்பு நிரல் அதை மறுபடி எழுப்பிவிடுகிறது. எழுந்த சர்வர் தன் பதிவேட்டைப் புரட்டி, பாதியில் நின்ற பரிமாற்றங்களைத் திருப்பி, விடிவதற்குள் வழக்கமான வேலைக்கு வந்துவிடும். காலையில் வரும் நிர்வாகிக்கு ஒரு கேள்விதான் மிஞ்சியிருக்கும்: ஏன் விழுந்தது?

விழுந்த பிராசஸ் பயன்படுத்திய நினைவகம் அதற்குள் கெர்னலின் கைக்குத் திரும்பி, வேறு வேலைகளுக்குப் பங்கிடப்பட்டிருக்கும். அந்த நினைவகம் கைமாறுவதற்கு முன் அதை அப்படியே ஒரு ஃபைலில் எழுதி வைத்திருந்தால், கேள்விக்கு உறுதியான பதிலைத் தேட முடியும். அந்த ஃபைல்தான் கோர் டம்ப்.

அது எங்கே பிறந்தது, எப்படி டேட்டாபேஸ் சர்வர் வரை வந்து சேர்ந்தது, பெரும்பாலான இடங்களில் ஏன் பூட்டியே கிடக்கிறது என்பதை இங்கே பார்க்கலாம். இந்தச் சாட்சியை விபத்து நடந்த பிறகு வரவழைக்க முடியாது. முன்கூட்டியே அனுமதி கொடுத்து வைத்தவருக்கு மட்டுமே அது கிடைக்கும். அதன் வரலாறு முழுவதும் இந்த விதி தொடர்ந்து வருகிறது.

ஃபெரைட் வளையங்கள்

1940களின் இறுதியில் கணினி கட்டியவர்களை மிகவும் வாட்டியது நினைவகம்தான். அமெரிக்காவின் எம்ஐடியில் உருவான வேர்ல்விண்ட் கணினி, மின்னூட்டக் குழாய்களில் எண்களைச் சேமித்தது. அந்தக் குழாய்கள் அடிக்கடி பழுதாயின. அந்தத் திட்டத்தை நடத்திய ஜே ஃபாரெஸ்டர் மாற்று வழி தேடி, ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான சின்னஞ்சிறு வளையங்களுக்கு வந்து சேர்ந்தார். ஒவ்வொரு வளையமும் ஒரு பிட். வளையத்தின் காந்தப்புலம் ஒரு திசையில் சுற்றினால் 0, எதிர்த் திசையில் சுற்றினால் 1. ஒரு தளத்தில் 32 வரிசை, 32 நெடுவரிசை என 1,024 வளையங்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் அவற்றினூடே கோக்கப்பட்டிருக்கும். ஒரு கிடைக்கம்பியிலும் ஒரு செங்குத்துக் கம்பியிலும் பாதிப் பாதி மின்னோட்டம் செலுத்தினால், இரண்டும் சந்திக்கும் வளையம் மட்டும் திசை மாறும். 1953 ஆகஸ்டில் இந்த நினைவகம் வேர்ல்விண்டில் பொருத்தப்பட்டது.

ஷாங்காயில் பிறந்து, ஹார்வர்டின் கணிப்பு ஆய்வகத்தில் பணிபுரிந்த ஆன் வாங் இதற்கு முன்பே ஒரு முக்கியமான சிக்கலை அவிழ்த்திருந்தார். காந்த வளையத்தைப் படிக்க வேண்டுமானால் அதன் திசையை மாற்றிப் பார்க்க வேண்டும். படித்த மாத்திரத்தில் அதிலிருந்த செய்தி அழிந்துவிடும். அழிந்தால் என்ன, படித்தவுடன் மறுபடி எழுதிவிடலாமே என்பதுதான் வாங் கண்ட வழி. அவர் 1949-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1955-இல் கிடைத்தது. மறு ஆண்டே ஐபிஎம் நிறுவனம் அதை 5 லட்சம் டாலருக்கு வாங்கியது.

இந்த வளையத்துக்கு ஆங்கிலத்தில் கோர் என்று பெயர். வளையங்களால் ஆன நினைவகத்தின் உள்ளடக்கத்தை மொத்தமாக வெளியே கொட்டினால் அது கோர் டம்ப். வளைய நினைவகத்துக்கு ஒரு அரிய குணம் இருந்தது: மின்சாரம் போனாலும் காந்தம் மாறாது. இயந்திரம் நின்ற பிறகும், நின்ற கணத்தில் இருந்த எண்கள் அப்படியே வளையங்களில் உட்கார்ந்திருக்கும். அவற்றை ஆற அமர அச்சிட்டுப் பார்க்கலாம்.

காகிதக் காலம்

அன்றைய கணினி நேரம் விலை மிக்கது. நின்றுபோன இயந்திரத்தின் முன் உட்கார்ந்து ஒருவர் மணிக்கணக்கில் யோசிக்க அனுமதி கிடையாது. ஆகவே நிரல் நின்றதும் நினைவகத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, அடுத்தவருக்கு இயந்திரத்தை விட்டுக்கொடுத்தார்கள். மடிப்பு மடிப்பான காகிதத்தில் எண்களாகவே நிறைந்த கட்டு அது. எட்டின் அடிமானத்தில் எழுதும் இயந்திரங்கள் ஆக்டல் எண்களைக் கொட்டின. 1964 ஏப்ரலில் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசை, பதினாறின் அடிமானத்தில் அமைந்த ஹெக்சாடெசிமல் எண்களைப் பரவலாக்கியது.

கோர் டம்ப்பின் முதல் பூட்டும் அங்கேயே தொடங்கிவிட்டது. சிஸ்டம்/360-இல் ஒரு வேலையைத் துளை அட்டைகளில் எழுதிக் கொடுக்கும்போது, 'நிரல் அசாதாரணமாக முடிந்தால் டம்ப் எடு' என்று சொல்லும் ஓர் அட்டையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சிஸ்யூடம்ப் என்று அதற்குப் பெயர். அந்த அட்டையை வைக்க மறந்தவருக்கு முழு டம்ப் கிடைக்காது. நிரல் ஏன் நின்றது என்ற குறியீட்டு எண் மட்டும் கையில் இருக்கும். எண் அல்லாத ஒன்றைக் கூட்ட முயன்றால் 0சி7, உரிமையில்லாத இடத்தைத் தொட்டால் 0சி4. தவறின் வகையை அது சொல்லும். எந்த வரி, எந்த மதிப்பு, அதற்கு முன் என்ன நடந்தது என்பதைச் சொல்லாது. இன்று லினக்ஸ் சர்வரில் அனுமதி கொடுக்க மறந்துவிட்டு, பதிவேட்டில் 'சிக்னல் 11' என்ற ஒற்றை வரியைப் பார்த்துக்கொண்டு நிற்பவரின் நிலையும் இதுவேதான்.

1970 அக்டோபரில் இன்டெல் 1103 என்ற சிலிக்கான் நினைவகச் சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஃபெரைட் வளையங்கள் பெரும்பாலான கணினிகளிலிருந்து விடைபெற்றன. புதிய சில்லு வேகமானது, மலிவானது. ஆனால் அது மறதிக்காரச் சில்லு. நொடிக்குப் பலமுறை புதுப்பித்துக்கொண்டே இருந்தால்தான் அதில் செய்தி நிற்கும். நின்ற பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற காலம் போய், நகலெடுக்க ஒருவர் தயாராகக் காத்திருந்தாக வேண்டும் என்ற காலம் வந்தது.

யூனிக்ஸ் தந்த வீடு

காத்திருக்கும் அந்த ஒருவராகக் கெர்னலை அமர்த்தியது யூனிக்ஸ். பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய அந்த இயங்குதளத்தின் முதல் பதிப்புக் கையேடு 1971 நவம்பர் 3 என்று தேதியிடப்பட்டது. அதிலேயே கோர் ஃபைலுக்கு ஒரு பக்கம் உண்டு. நிரல் ஒன்று எதிர்பாராத பிழையில் சிக்கினால், அல்லது அதைப் பயன்படுத்துபவர் 'குவிட்' சமிக்ஞை அனுப்பினால், அதன் நினைவகம் முழுவதும் 'கோர்' என்ற பெயரில் ஃபைலாக எழுதப்படும். நிரல் அப்போது எந்த அடைவில் நின்று வேலை செய்துகொண்டிருந்ததோ, அங்கேயே அது விழும்.

காகிதம் ஃபைலாக மாறியதில் பெரிய பயன் இருந்தது: ஃபைலை இன்னொரு நிரலால் படிக்க முடியும். முதல் பதிப்பிலேயே டிபி என்ற எளிய டீபக்கர், அதாவது பிழை தேட உதவும் நிரல், இருந்தது. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பில் ஏடிபி, பிறகு பெர்க்லியிலிருந்து டிபிஎக்ஸ், 1986-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிடிபி என அந்தக் குடும்பம் வளர்ந்தது. அதுவரை எண்களின் குவியலாக இருந்ததை இவை ஃபங்ஷன் பெயர்களாகவும் மாறிகளின் மதிப்புகளாகவும் மொழிபெயர்த்துக் கொடுத்தன.

அன்றைய ஃபைல் மிகச் சிறியது. பெல் ஆய்வகத்தின் முதல் பிடிபி-11 கணினியில் மொத்தம் 24 கிலோபைட் நினைவகம். அதில் பயனரின் நிரலுக்குக் கிடைத்தது 8 கிலோபைட். இன்று 128 ஜிகாபைட் நினைவகத்தை விழுங்கி நிற்கும் ஒரு டேட்டாபேஸ் சர்வர், அந்த 8 கிலோபைட்டைப்போல 1 கோடியே 67 லட்சம் மடங்கு பெரியது. எண்களின் அளவு மாறினாலும், விழுந்த நொடியை அப்படியே எழுதி வை என்ற அடிப்படை 1971-இல் இருந்ததுதான்.

பூட்டுகள் வந்த கதை

நிரல் விழுந்தபோதெல்லாம் கோர் ஃபைல் எழுதப்பட்டதால் டிஸ்க் நிறைந்தது. அதைத் தடுக்க, அடைவுக்குள் 'கோர்' என்ற பெயரில் ஒரு துணை அடைவை உருவாக்கிவிடுவார்கள். அந்தப் பெயரில் ஃபைல் எழுத முடியாமல் போகும். 1983-இல் வெளியான பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி இதற்கு முறையான வழி கொடுத்தது. ஒரு பிராசஸ் எவ்வளவு பெரிய கோர் ஃபைல் எழுதலாம் என்று எல்லை வைக்கும் அழைப்பு அதில் இருந்தது. இன்று நாம் 'யூலிமிட்' என்று தட்டிச் சரிபார்ப்பது அந்த எல்லையைத்தான். எல்லை 0 என்றால் ஃபைலே கிடையாது.

இந்த எல்லையைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்திக்கொண்ட ஒரு நிரலும் வரலாற்றில் உண்டு. 1988 நவம்பர் 2-ஆம் தேதி இணையத்தில் பரவிய மாரிஸ் புழு, ஓடத் தொடங்கியதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று தன் கோர் ஃபைல் எல்லையை 0 ஆக்கிக்கொண்டது. தான் தடுக்கி விழுந்தாலும் தன்னை ஆராய ஒரு தடயமும் மிஞ்சக் கூடாது என்பதற்காக. பர்டியூ பல்கலைக்கழகத்தின் யூஜின் ஸ்பஃபோர்ட் தன் ஆய்வறிக்கையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். கோர் டம்ப்பின் சாட்சியம் எவ்வளவு வலுவானது என்பதை அந்தப் புழுவை எழுதியவர் நன்றாகவே அறிந்திருந்தார்.

வேறொரு ஆபத்தும் தெரியவந்தது. 1990களில் சில எஃப்டிபி சர்வர்கள், வேண்டுமென்றே கீழே தள்ளப்பட்டபோது, கடவுச்சொல் ஹேஷ்கள் அடங்கிய நினைவகத்தை எல்லோரும் படிக்கக்கூடிய ஃபைலாக எழுதிவிட்டன. ரூட் உரிமையோடு தொடங்கிய நிரல், பிறகு சாதாரணப் பயனராக மாறினாலும், அதன் நினைவகத்தில் ரூட்டுக்கு மட்டுமே உரிய ரகசியங்கள் ஒட்டியிருக்கலாம். ஆகவே அடையாளம் மாற்றிக்கொண்ட பிராசஸ்களுக்கு டம்ப் எடுக்க லினக்ஸ் கெர்னல் மறுக்கத் தொடங்கியது. வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டால் மட்டுமே இந்தத் தடை விலகும்.

இப்படி ஒவ்வொரு பூட்டும் நியாயமான காரணத்தோடுதான் வந்தது. அவை எல்லாம் சேர்ந்து, இன்றைய லினக்ஸ் சர்வரில் கோர் டம்ப் தானாகக் கிடைப்பது அரிது என்ற நிலையை உண்டாக்கிவிட்டன.

டேட்டாபேஸ் ஏன் விழுகிறது?

மைஎஸ்க்யூஎல் விழும்போது பெரும்பாலும் இரண்டில் ஒரு சமிக்ஞை அதன் பதிவேட்டில் இருக்கும். சிக்னல் 11 என்றால், நிரல் தனக்கு ஒதுக்கப்படாத முகவரியைத் தொட்டிருக்கிறது. காலியான பாயிண்டர், விடுவித்துவிட்ட நினைவகத்தை மறுபடி பயன்படுத்துவது போன்றவை வழக்கமான காரணங்கள். சிக்னல் 6 என்றால், நிரல் தானாகவே உயிரை விட்டிருக்கிறது. இன்னோடிபி என்ற சேமிப்பு எந்திரம் தன் உள்ளமைப்புகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று ஆயிரக்கணக்கான இடங்களில் சோதித்துக்கொண்டே இருக்கும். பொருந்தாத ஒன்றைக் கண்டால், தவறான தரவை டிஸ்கில் எழுதுவதைவிட நின்றுபோவது மேல் என்று தன்னை நிறுத்திக்கொள்ளும். ஒரு பூட்டுக்காக 600 நொடிகளுக்கு மேல் ஒரு த்ரெட் காத்துக்கிடந்தாலும் இப்படியே செய்யும்.

சிக்னல் 9 இவற்றிலிருந்து மாறுபட்டது. நினைவகம் தீர்ந்துபோய்க் கெர்னல் ஒரு பிராசஸைப் பலியிடும்போது அனுப்புவது அந்த சமிக்ஞைதான். அதற்குக் கோர் டம்ப் ஒருபோதும் எழுதப்படாது. சர்வர் சத்தமில்லாமல் மறைந்திருந்தால் முதலில் கெர்னலின் பதிவுகளைப் பார்த்துவிட வேண்டும். டம்ப்புக்காக நாட்கணக்கில் காத்திருந்து பயனில்லை.

மைஎஸ்க்யூஎல் விழும் தறுவாயில் தானே ஒரு குறிப்பை எழுதிவிட்டுப் போகும். வந்த சமிக்ஞை, ஃபங்ஷன்களின் அழைப்பு வரிசை, அப்போது ஓடிய குவெரி ஆகியவை பிழைப் பதிவேட்டில் இருக்கும். பல சமயம் அதுவே போதும். ஆனால் அதை எழுதுவது, நினைவகம் கெட்டுப்போன அந்த நிரலேதான். எழுதும்போதே அது இன்னொரு முறை விழலாம். எழுதியது தவறாகவும் இருக்கலாம். கோர் டம்ப்பை எழுதுவதோ வெளியே நிற்கும் கெர்னல். முன்னது மரண வாக்குமூலம் என்றால் பின்னது பிரேதப் பரிசோதனை. வாக்குமூலத்தில் விழுந்த த்ரெட்டின் கதை மட்டும் இருக்கும். பரிசோதனையில் நூற்றுக்கணக்கான த்ரெட்களும் அந்த நொடியில் எங்கே நின்றன, எந்தப் பூட்டை யார் பிடித்திருந்தார்கள், ஒவ்வொரு மாறியிலும் என்ன மதிப்பு இருந்தது என்பதெல்லாம் தெரியும். இரண்டு த்ரெட்கள் ஒன்றையொன்று மிதித்ததால் வரும் பிழைகளைக் கண்டுபிடிக்க இந்த முழுப்படம் பெரும்பாலும் தேவைப்படும்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் அமைப்பு வேறு. அங்கே ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனிப் பிராசஸ். ஒன்று விழுந்தால் அதன் கோர் ஃபைல் மட்டுமே எழுதப்படும். ஆனால் பகிர்ந்த நினைவகத்தை அது கெடுத்திருக்கலாம் என்பதால், தலைமைப் பிராசஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் முடித்துவிட்டு, பகிர்ந்த நினைவகத்தைப் புதிதாக அமைத்து, மீட்பைத் தொடங்கும். ஆகவே அங்கேயும் பயனர் எல்லோரும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்படுகிறார்கள்.

தாண்ட வேண்டிய வாசல்கள்

ஒரு கோர் டம்ப் பிறக்க வேண்டுமானால் எல்லா வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். ஒன்று மூடியிருந்தாலும் கிடைப்பது வெறும் கை.

முதலாவது அளவு எல்லை. நிர்வாகி தன் முனையத்தில் யூலிமிட்டை மாற்றினால், அது அவருடைய ஷெல்லுக்கும் அதிலிருந்து தொடங்கும் நிரல்களுக்கும் மட்டும் பொருந்தும். சிஸ்டம்டி தொடங்கி வைக்கும் டேட்டாபேஸை அது எட்டாது. அந்தச் சேவைக்கான அமைப்பு ஃபைலில் லிமிட்கோர் என்பதை வரம்பின்மையாக வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸுக்கு எல்லையை உயர்த்த பிஆர்லிமிட் என்ற கட்டளை உதவும்.

இரண்டாவது டேட்டாபேஸின் சொந்தச் சம்மதம். மைஎஸ்க்யூஎல்லின் அமைப்பு ஃபைலில், சர்வருக்கான பகுதியில் 'கோர்-ஃபைல்' என்ற ஒரு வரி இருக்க வேண்டும். இந்த வரி இருந்தால்தான் அது கெர்னலிடம் தன்னை டம்ப் எடுக்கலாம் என்று அறிவிக்கும். ரூட்டாகத் தொடங்கி அடையாளம் மாறியதால் வந்த தடையும் அப்போதுதான் நீங்கும். ஓடும்போது இதை மாற்ற முடியாது. சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கியாக வேண்டும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ரூட்டாக ஓட மறுக்கும் என்பதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. அளவு எல்லையைத் திறந்தால் போதும். அதன் பிஜி-சிடிஎல் கட்டளையிலேயே அதற்கொரு தேர்வு உண்டு.

மூன்றாவது சேருமிடம். கோர்-பேட்டர்ன் என்ற கெர்னல் அமைப்பு, ஃபைல் எந்தப் பெயரில் எங்கே விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். நிரலின் பெயர், பிராசஸ் எண், நேரம் எல்லாவற்றையும் பெயரில் சேர்க்கலாம். இதை அமைக்காமல் விட்டால் மைஎஸ்க்யூஎல்லின் டம்ப் தரவு அடைவிலேயே விழும். டேட்டாபேஸுக்கான இடத்தையே அது நிறைத்துவிடும். தனி டிஸ்கில், டேட்டாபேஸின் பயனர் எழுதக்கூடிய அடைவைக் காட்டுவதே நல்லது. 2006-இல் வந்த லினக்ஸ் 2.6.19 முதல், டம்ப்பை ஃபைலாக எழுதாமல் நேரே இன்னொரு நிரலின் வாயில் ஊற்றவும் முடியும். உபுன்டுவின் அப்போர்ட், சிஸ்டம்டி-கோர்டம்ப் ஆகியவை அப்படித்தான் வேலை செய்கின்றன. அவற்றுக்கும் சொந்த அளவு எல்லைகள் உண்டு. பெரிய டேட்டாபேஸின் டம்ப் அதைத் தாண்டினால் முழுதாகக் கிடைக்காது.

நான்காவது காவல் அடுக்குகள். எஸ்இலினக்ஸ், ஆப்ஆர்மர் ஆகியவை எழுதவிடாமல் தடுக்கலாம். சேவைக்குத் தனி டெம்ப் அடைவு கொடுக்கும் அமைப்பு இயங்கினால், டெம்ப்பில் விழுந்ததாக நினைத்த ஃபைல் வேறெங்கோ மறைவான அடைவில் கிடக்கும்.

ஐந்தாவது கன்டெய்னர். கோர்-பேட்டர்ன் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனித்தனியாகக் கிடையாது. முழு இயந்திரத்துக்கும் ஒன்றுதான். கன்டெய்னருக்குள் இருப்பவர் அதை மாற்ற முடியாது. அங்கே காட்டப்பட்ட பாதை கன்டெய்னருக்குள் இல்லையென்றால் டம்ப் எங்கும் போய்ச் சேராது. பாதை இருந்தாலும், அது நிலையான சேமிப்பில் இல்லையென்றால் கன்டெய்னர் நீக்கப்படும்போது டம்ப்பும் அதனோடு போய்விடும்.

பருமன் என்ற சுமை

128 ஜிகாபைட்டை நொடிக்கு 500 மெகாபைட் வேகத்தில் டிஸ்கில் எழுத நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். எழுதி முடியும்வரை பழைய பிராசஸ் முழுதாகச் சாகாது. தன் ஃபைல் பூட்டுகளை அது விடாது. புதிய சர்வர் எழுந்திருக்க முடியாது. சேவை தடைபடும் நேரம் நீள்கிறது. பலர் கோர் டம்ப்பை மூடி வைப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது.

இதற்குத் தீர்வும் இருக்கிறது. டேட்டாபேஸின் நினைவகத்தில் பெரும்பங்கு பஃபர் பூல், அதாவது டிஸ்கிலுள்ள அட்டவணைப் பக்கங்களின் நகல்கள். பெரும்பாலான பிழைகளை ஆராய அவை தேவைப்படுவதில்லை. 2012-இல் வந்த லினக்ஸ் 3.4, குறிப்பிட்ட நினைவகப் பகுதியை டம்ப்பில் சேர்க்காதே என்று நிரல் சொல்லிவைக்க வழி கொடுத்தது. மைஎஸ்க்யூஎல் 8.0.14 அதைப் பயன்படுத்தி, பஃபர் பூலைச் சேர்க்கவோ விலக்கவோ ஒரு தேர்வைக் கொண்டுவந்தது. 8.0 வரிசையில் இயல்பு நிலை பஃபர் பூலைச் சேர்த்தே எழுதுவது. அங்கே விலக்க வேண்டுமென்றால் நாம்தான் அந்தத் தேர்வை அணைத்து வைக்க வேண்டும். மரியாடிபியின் வழக்கமான வெளியீடுகள் தாமாகவே விலக்கிவிடுகின்றன. இந்த ஒரு தேர்வால், நூறு ஜிகாபைட்டைத் தாண்டிய டம்ப் சில ஜிகாபைட்டாகச் சுருங்கக்கூடும். காத்திருப்பு நிமிடங்களிலிருந்து நொடிகளுக்கு இறங்கும்.

படிக்கத் தெரிந்த கண்

பிறந்த டம்ப்பைப் படிக்க, விழுந்த அதே சர்வர் பைனரியும் அது பயன்படுத்திய அதே லைப்ரரிகளும் வேண்டும். ஒரு சிறு பதிப்பு வித்தியாசம்கூட முகவரிகளை இடம் மாற்றிவிடும். ஒவ்வொரு பைனரிக்குள்ளும் பதிந்திருக்கும் பில்ட் அடையாளம், சரியான ஜோடியைக் கண்டுபிடிக்க உதவுகிறது. அடுத்துத் தேவை டீபக் குறியீடுகள். விநியோகத்துக்கு வரும் பைனரியிலிருந்து இவை நீக்கப்பட்டிருக்கும். தனித் தொகுப்பாக நிறுவிக்கொள்ளாவிட்டால் ஜிடிபி ஃபங்ஷன் பெயர்களுக்குப் பதில் கேள்விக்குறிகளையே காட்டும். சர்வரை மேம்படுத்தும் நாளிலேயே இந்தத் தொகுப்பையும் சேர்த்து எடுத்து வைப்பவர்கள், பின்னால் பழைய பதிப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஜிடிபியில் முதலில் கேட்பது எல்லா த்ரெட்களின் பேக்ட்ரேஸ், அதாவது அழைப்பு வரிசை. விழுந்த த்ரெட்டின் அழைப்பு வரிசையில் மேலிருந்து கீழாக நடந்தால், சமிக்ஞையைப் பிடித்த ஃபங்ஷன், பிழை நடந்த ஃபங்ஷன், அதை அழைத்தது, இறுதியில் வாடிக்கையாளரின் கட்டளையைப் பிரித்துக் கொடுக்கும் ஃபங்ஷன் என வரிசை விரியும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் டீபக்-குவெரி-ஸ்ட்ரிங் என்ற மாறியை அச்சிட்டால், அந்தப் பிராசஸ் ஓட்டிக்கொண்டிருந்த குவெரி முழுவதும் கண்முன் வரும். அந்தக் குவெரியைச் சோதனைச் சர்வரில் ஓட்டி மறுபடி விழவைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. விழவில்லை என்றால், மற்ற த்ரெட்கள் அந்த நொடியில் என்ன செய்துகொண்டிருந்தன என்ற பகுதியைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பேக்ட்ரேஸ்தான் டேட்டாபேஸை உருவாக்கும் பொறியாளர்களிடம் போக வேண்டியது. 'எங்கள் சர்வர் அடிக்கடி விழுகிறது' என்ற புகாரை வைத்து அவர்களால் அதிகம் செய்ய முடியாது. எந்த ஃபங்ஷனில், எந்த மதிப்போடு, எந்தப் பதிப்பில் என்று தெரிந்தால் மூலநிரலின் அந்த வரிக்கே போய்விடுவார்கள். ஒரு சர்வரில் பிறந்த டம்ப்பின் பயன் இப்படித்தான் அடுத்த வெளியீட்டின் வழியாக அந்தப் பிழை காத்திருந்த எல்லாச் சர்வர்களுக்கும் போய்ச் சேர்கிறது. டம்ப் எடுப்பதன் நோக்கமும் அதுதான்.

உள்ளே இருப்பது மக்களின் தரவு

பேக்ட்ரேஸை அனுப்புவது வேறு, டம்ப்பையே அனுப்புவது வேறு. டம்ப்பில் இருப்பது நினைவகம் முழுவதும். பஃபர் பூலை விலக்கினாலும், ஓடிக்கொண்டிருந்த குவெரிகளின் உரை, முடிவுகளாகப் போகவிருந்த வரிசைகள், இணைப்பு விவரங்கள், மறையாக்கச் சாவிகள் எல்லாம் அதில் இருக்கலாம். வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் மருத்துவக் குறிப்பும் அப்படியே வாசிக்கக் கிடைக்கலாம்.

2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், தன் மின்னஞ்சல் சேவையில் நடந்த ஊடுருவலை ஆராய்ந்து ஒரு விளக்கம் வெளியிட்டது. 2021 ஏப்ரலில் நடந்த ஒரு கிராஷின் டம்ப்பில் கையெழுத்துச் சாவி ஒன்று சிக்கி, அது பாதுகாப்பு குறைந்த வலையமைப்புக்கு நகர்ந்தது என்பதே அந்த விளக்கம். மறு ஆண்டு மார்ச்சில், அந்தச் சாவி அடங்கிய டம்ப் எதுவும் கண்டெடுக்கப்படவில்லை என்று நிறுவனமே திருத்தம் சேர்த்தது. சாவி எப்படிப் போனது என்பது முடிவாகாவிட்டாலும், டம்ப் ஒன்று ரகசியத்தைச் சுமந்து வெளியேறக்கூடும் என்பதை யாரும் மறுக்கவில்லை. 2025 மே மாதம் குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், அப்போர்ட், சிஸ்டம்டி-கோர்டம்ப் இரண்டிலும் இருந்த ஓட்டைகளை வெளியிட்டார்கள். உரிமை மிக்க நிரல் விழும் நொடியில் டம்ப் எடுக்கும் நிரலை முந்திக்கொண்டு, அதன் டம்ப்பிலிருந்து கடவுச்சொல் ஹேஷ்களைச் சாதாரணப் பயனர் படிக்க முடிந்தது. 1990களின் எஃப்டிபி ஆபத்து முப்பது ஆண்டு கழித்து வேறு உருவில் வந்திருந்தது.

இதனால் டம்ப்பையே வேண்டாம் என்று மூடிவிடுவது சரியல்ல. காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப விழும் சர்வரும் மக்களின் தரவுக்கு ஆபத்துதான். டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் அதே காவலை டம்ப்புக்கும் கொடுக்க வேண்டும் என்பதே முறை. ரூட்டும் டேட்டாபேஸ் பயனரும் மட்டுமே நுழையும் அடைவு, மறையாக்கம் செய்த டிஸ்க், வெளியே அனுப்பும் முன் பேக்ட்ரேஸையும் வாசித்துப் பார்க்கும் கவனம், வேலை முடிந்ததும் அழிக்கும் ஒழுங்கு ஆகிய நான்கும் இருந்தால் சாட்சியும் பிழைக்கும், ரகசியமும் காக்கப்படும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

டேட்டாபேஸ் சர்வருக்குப் பொறுப்பான ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். காப்புப் பிரதி எடுப்பதோடு நிற்காமல் அதிலிருந்து மீட்டும் பார்க்க வேண்டும் என்று நாம் கற்றிருக்கிறோம். கோர் டம்ப்புக்கும் அதே விதிதான். உண்மைச் சர்வரைப் போலவே அமைத்த ஒரு சோதனைச் சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு எல்லையைத் திறங்கள். அமைப்பு ஃபைலில் கோர்-ஃபைல் வரியைச் சேருங்கள். பஃபர் பூலை விலக்குங்கள். தனி அடைவைக் காட்டுங்கள். டீபக் தொகுப்பை நிறுவுங்கள். பிறகு அந்தச் சர்வருக்கு நீங்களே சிக்னல் 6 அனுப்பி விழவைத்துப் பாருங்கள். ஃபைல் வந்ததா, முழுதாக இருக்கிறதா, எழுத எவ்வளவு நேரம் ஆனது, ஜிடிபி அதை ஃபங்ஷன் பெயர்களோடு காட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எங்கே தடைபட்டது என்பது அன்றே தெரிந்துவிடும். திருத்திய அமைப்பை, அடுத்த முறை உண்மைச் சர்வரைப் பராமரிப்புக்காக நிறுத்தித் தொடங்கும்போது சேர்த்துவிடுங்கள்.

மாதத்துக்கு ஒருமுறையோ வருடத்துக்கு ஒருமுறையோ வரும் கிராஷை நாம் விரும்பும்போது திரும்ப வரவழைக்க முடியாது. அது வரும் நாளில் வாசல்கள் திறந்திருக்க வேண்டுமென்றால், திறக்க வேண்டிய நாள் இன்றுதான்.